புஷ், கென்னடி, ஆடம்ஸ்: அதிபர் தேர்தலில் குடும்பப் பெயர் எதுவரை கூட வரும்?

ஜூன் 2, காலை. வாசகர் ஒருவர்:

வாரிசு அரசியல் என்றால் ஏதோ ஆசியாவின் நோய் என்பதுபோல் பேசுகிறார்கள். அமெரிக்காவில் அதிபரானவர்கள் மொத்தம் 45 பேர். ஆடம்ஸ், ஹாரிசன், ரூஸ்வெல்ட், புஷ் என்ற நான்கே வீடுகளிலிருந்து அதில் 8 பேர். பெயர் இருந்தால் அங்கேயும் வெள்ளை மாளிகை சுலபம்தான். இல்லையென்று யாராவது நிரூபியுங்கள்.

ஜூன் 2, இரவு

45-இல் 8 என்ற கணக்கு சரி. "நான்கே வீடு" என்பது சரியில்லை. தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் ஐந்து தலைமுறை தள்ளிய பங்காளிகள், வேறு வேறு கட்சிக்காரர்கள். அவர்களைப் பிறகு பார்ப்போம்.

நேரடி வாரிசுகளை மட்டும் எடுங்கள். அதிபரின் மகனாகவோ பேரனாகவோ பிறந்து அதிபரானவர்கள் மூன்றே பேர்: ஜான் குவின்சி ஆடம்ஸ், பெஞ்சமின் ஹாரிசன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ். மூவருமே முதல்முறை பதவிக்கு வந்தபோது நாடு தழுவிய வாக்கு எண்ணிக்கையில் தோற்றவர்கள்.

அதிக வாக்கு வாங்காமலே ஒருவர் அதிபரான தேர்தல்கள் மொத்தம் ஐந்து: 1824, 1876, 1888, 2000, 2016. அதில் மூன்று இந்த மூவருடையவை. ஐந்தாவதான 2016-இல் வாக்கில் முந்தியும் பதவியைத் தவறவிட்டவர் ஒரு முன்னாள் அதிபரின் மனைவி.

பெயர் ஒருவரைக் கட்சியின் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது. அதற்குப் பிறகு அது எவ்வளவு தூரம் வருகிறது என்பதுதான் கேள்வி.

ஜூன் 3

"மூன்று பேரை வைத்து விதி எழுதக் கூடாது, தற்செயலாக இருக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விதி எழுதவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் எப்படி நடந்தது என்று பார்த்தால் பெயரின் வேலை எங்கே முடிந்தது என்று தெரியும்.

1824-இல் ஒரே கட்சிக்குள் நான்கு பேர் போட்டி. எலக்டோரல் வாக்கு (மாநிலவாரியாகச் சேர்ந்து அதிபரைத் தீர்மானிக்கும் வாக்கு) ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, வில்லியம் கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேக்கு 37. மொத்தம் 261, தேவை 131. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அரசியல் சட்டத்தின் 12-ஆவது திருத்தப்படி முதல் மூவர் பெயர் மட்டும் பிரதிநிதிகள் சபைக்குப் போகும், அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. நான்காவதாக வந்த கிளே போட்டியிலிருந்து விழுந்தார், ஆனால் அவர்தான் சபாநாயகர். 1825 பிப்ரவரி 9 அன்று 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸுக்கு வந்தன. தேவையும் 13 தான். அடுத்து கிளேயை வெளியுறவுச் செயலராக ஆடம்ஸ் நியமித்தார். "ஊழல் பேரம்" என்ற கூச்சல் அன்று தொடங்கி 1828 தோல்விவரை அவரை விடவில்லை.

இதில் தந்தை பெயர் எங்கே உதவியது? 14 வயதிலேயே ரஷ்யாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் செயலராகப் போக முடிந்ததிலும், இளம் வயதிலேயே தூதரானதிலும். தேர்தலில் நின்றபோது அவரிடம் இருந்தது சொந்தக் கணக்கு: நெதர்லாந்து, பிரஷ்யா, ரஷ்யா, பிரிட்டன் என்று தூதர் பதவிகள், 1814 கெண்ட் உடன்படிக்கை, எட்டாண்டு வெளியுறவுச் செயலர் பதவி. அதோடு, பலர் கவனிக்காத ஒன்று: தந்தையின் ஃபெடரலிஸ்ட் கட்சியை அவர் முன்னமே விட்டுவிட்டார். 1807-இல் ஜெஃபர்சனின் வணிகத் தடையை ஆதரித்ததற்காக 1808-இல் செனட் இருக்கையை இழந்தார். அந்தக் கட்சியிலேயே இருந்திருந்தால் 1824-இல் அவருக்கு நிற்க இடமே இருந்திருக்காது, கட்சியே கரைந்துபோயிருந்தது.

1888-இல் பெஞ்சமின் ஹாரிசன். தாத்தா வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1841-இல் பதவியேற்று 31 நாளில் இறந்தவர். பேரன் தாத்தாவின் பெரிய தொப்பிக்குள் புதைந்து நிற்பதுபோல் கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்து தள்ளினார்கள். சிகாகோ மாநாட்டில் எட்டாவது சுற்றில்தான் வேட்பாளரானார். கட்சி அவரை எடுத்ததற்குத் தொப்பியைவிட முக்கியமான காரணம் இந்தியானா. அது ஊசலாடும் மாநிலம், அவர் அந்த ஊர் செனட்டராக இருந்தவர். துணை அதிபருக்கு இன்னொரு ஊசல் மாநிலமான நியூயார்க்கிலிருந்து லீவை மார்ட்டனைப் போட்டார்கள். நியூயார்க்கில் சுமார் 14,000 வாக்கு, இந்தியானாவில் சுமார் 2,300 வாக்கு வித்தியாசம். நாடு முழுக்க, எதிர்த்து நின்ற அதிபர் கிளீவ்லாந்து சுமார் 90,000 வாக்கு அதிகம் வாங்கினார், ஆனால் அவருடைய வாக்கு தெற்கில் குவிந்து கிடந்தது. எலக்டோரல் 233-க்கு 168. வரைபடம் வென்ற தேர்தல் அது.

2000 எல்லோருக்கும் தெரியும். அல் கோர் நாடு முழுக்க 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல் அதிகம் வாங்கினார். புளோரிடாவில் புஷ் 537 வாக்கில் முந்தினார். எலக்டோரல் 271-க்கு 266.

ஜூன் 3, இரவு

மேலே 2000-ஐ மற்ற இரண்டோடு ஒரே வரிசையில் வைத்தது அவசரம். ஆடம்ஸுக்கும் ஹாரிசனுக்கும் தந்தையோ தாத்தாவோ விட்டுப்போன தேர்தல் இயந்திரம் எதுவும் கிடையாது. புஷ்ஷுக்கு இருந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 5

1999-இல் ஜூனியர் புஷ்ஷிடம் என்ன இருந்தது என்று பிரித்து வைக்கிறேன். சொந்தமாக இருந்தது டெக்சாஸ் ஆளுநர் பதவி, 1998 நவம்பரில் 68 விழுக்காட்டோடு மறுவெற்றி. குடும்பம் வழியாக வந்தது நன்கொடையாளர் வலை. அது எப்படி வேலை செய்தது என்பதுதான் சுவாரசியம்.

அப்போது தனிநபர் ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு 1,000 டாலருக்கு மேல் தர முடியாது. ஒரு பணக்காரரைப் பிடித்துப் பயனில்லை. 1,000 டாலர் தரக்கூடிய நூறு பேரைத் தெரிந்தவர்தான் வேண்டும். அப்படி ஒரு லட்சம் டாலர் சேர்த்துத் தருபவருக்குப் "பயனியர்" என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு பயனியருக்கும் ஓர் எண். அவர் வழியாக வரும் காசோலைகளில் அந்த எண் எழுதப்பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் அவர் கணக்கில் ஏறும். யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்று சர்ச்சையே இல்லாமல் தெரியும்.

ஜூன் 1999 முடிவிலேயே 3.6 கோடி டாலர் சேர்ந்துவிட்டது. அதனால், சேர்த்த நன்கொடைக்கு ஈடாக அரசு தரும் ஈட்டு நிதி வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. அந்த நிதியை வாங்கினால் பிரைமரிக்கு, அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு, ஆகும் செலவுக்கு மேல்வரம்பு உண்டு, அந்த ஆண்டு சுமார் 4 கோடி. அந்த முறை வந்த 1976 முதல், அதை மறுத்துவிட்டு ஒரு பெரிய கட்சியின் வேட்பாளரானவர் இவர்தான் முதல் ஆள்.

அந்தப் பணம் எதற்கு என்பது பிப்ரவரி 1, 2000 அன்று தெரிந்தது. நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் சொந்தக் கட்சிப் போட்டியாளர் ஜான் மெக்கெய்ன் 18 புள்ளி வித்தியாசத்தில் அடித்தார். சாதாரண வேட்பாளர் என்றால் மறுநாள் நன்கொடை நின்றுவிடும், ஆட்கள் கழன்றுகொள்வார்கள். புஷ்ஷுக்குப் பணம் இருந்தது, பெரும்பாலான குடியரசுக் கட்சி ஆளுநர்கள் பக்கத்தில் இருந்தார்கள். பிப்ரவரி 19 தெற்கு கரோலைனாவில் 53-க்கு 42 என்று திரும்பி அடித்தார். ஒரு பெரிய தோல்வியைத் தாங்கும் கையிருப்பைக் குடும்ப வலை கொடுத்தது.

ஜூன் 6

"தந்தையின் பழைய நன்கொடையாளர் பட்டியலை அப்படியே மகன் கையில் கொடுத்துவிடலாமா?" என்ற கேள்விக்கு: கொடுக்கலாம், ஆனால் சும்மா கொடுக்க முடியாது. பட்டியலுக்குச் சந்தை விலை உண்டு. இலவசமாகக் கொடுத்தால் அது பொருளாகத் தந்த நன்கொடை. ஒரு வேட்பாளர் கமிட்டி இன்னொரு வேட்பாளர் கமிட்டிக்கு ஒரு தேர்தலுக்கு 2,000 டாலர் அளவுக்குத்தான் தரலாம். அதனால் வாடகைக்கோ விலைக்கோ எடுப்பார்கள். எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியாதது தொலைபேசி அழைப்பு. அப்பாவின் பழைய நிதிப் பொறுப்பாளர் மகனுக்காக நாற்பது பேருக்குப் போன் செய்வதற்கு வரம்பு இல்லை.

பெற்றோர் பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேட்பாளர் தன் சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், 1976-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அம்மாவோ அப்பாவோ தருவது வெளியாள் தருவதுபோல்தான், 2025–26 சுற்றில் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். கணவன் மனைவி கூட்டுச் சொத்தில் தன் பங்குவரை எடுக்கலாம். 2004 தேர்தலுக்கு நின்ற ஜான் கெர்ரிக்கு 2003 டிசம்பரில் இதுதான் நடந்தது. மனைவியிடம் ஹைன்ஸ் குடும்பச் சொத்து மலைபோல் இருந்தும் தொட முடியவில்லை. பாஸ்டன் வீட்டில் தன் பாதியை அடமானம் வைத்து 64 லட்சம் டாலர் கடன் எடுத்துத்தான் பிரசாரத்தை முதல் வாக்கெடுப்பு நடந்த அயோவாவரை இழுத்துச் சென்றார். 1960-இல் ஜோசப் கென்னடி மகனுக்காகச் செலவழித்த விதத்தை இன்று நேரடியாகச் செய்ய முடியாது. வேட்பாளரைச் சாராமல் வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவழிக்கும் சூப்பர் பேக் என்ற அமைப்பு வழியாகச் செய்யலாம், 2010 முதல்.

ஜூன் 8

அதே குடும்பம், ஏறக்குறைய அதே நன்கொடையாளர்கள், பதினாறு ஆண்டு இடைவெளி, நேர்மாறான முடிவு. பெயரின் எடையை அளக்க இதைவிட நல்ல ஜோடி கிடையாது. அதனால் ஜெப் புஷ் 2016 பற்றி விரிவாக.

தகுதியில் அவர் அண்ணனைவிடக் குறைந்தவர் இல்லை. புளோரிடா ஆளுநராக எட்டாண்டு, 1999 முதல் 2007 வரை. ஸ்பானிஷ் சரளம். திட்டம் இப்படி: முறையாக அறிவிக்காதவரை "ரைட் டு ரைஸ்" என்ற சூப்பர் பேக்குக்கு அவரே நேரில் நிதி கேட்கலாம், தொகைக்கு வரம்பில்லை. வேட்பாளர் என்று அறிவித்த நிமிடத்திலிருந்து 5,000 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது, செலவை ஒருங்கிணைக்கவும் கூடாது. ஆகவே 2015 ஜூன் 15 வரை அறிவிப்பைத் தள்ளிப்போட்டார். பேக் கணக்கில் 10.3 கோடி டாலர். மற்றவர்களைப் பயமுறுத்தி ஆரம்பத்திலேயே விலகச் செய்வதுதான் நோக்கம். 1999-இல் அண்ணன் பணம் அதைத்தான் செய்தது, எலிசபெத் டோல் போன்றவர்கள் ஒரு வாக்கு விழும் முன்பே போய்விட்டார்கள்.

2015-இல் யாரும் பயப்படவில்லை. பதினேழு பேர் களத்தில். காரணம், சூப்பர் பேக் என்ற அதே கருவி எல்லோரிடமும் இருந்தது. ஒரே ஒரு பெரும் பணக்காரரைப் பிடித்தால் போதும், நூறு பேரைத் தெரிந்த பயனியர்கள் தேவையில்லை. புஷ் குடும்பம் நாற்பது ஆண்டில் கட்டிய வலையின் மதிப்பு அந்த ஒரே சட்ட மாற்றத்தில் பாதியாகிவிட்டது. ஜெப் தோல்வி பற்றி எழுதுபவர்கள் டிரம்பின் கேலியிலேயே நின்றுவிடுகிறார்கள், இந்த இடத்தை அழுத்திச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது, பெயரோடு முந்தையவரின் கணக்கும் சேர்ந்து வரும். 2000-இல் ஜூனியர் புஷ்ஷோடு வந்த கணக்கு கனமில்லாதது. தந்தை 1992-இல் தோற்றவர்தான், ஆனால் கட்சிக்காரர்களுக்கு அவர்மேல் கோபம் தணிந்திருந்தது, கிளின்டன்மேல்தான் கோபம். 2016-இல் ஜெப்போடு வந்தது இராக் போர், 2008 நிதிச் சரிவு. 2015 மே 11 அன்று ஒளிபரப்பான பேட்டியில், இப்போது தெரிந்ததெல்லாம் அப்போது தெரிந்திருந்தால் இராக்குக்குப் படை அனுப்பியிருப்பீர்களா என்ற கேள்வி. எவரும் எதிர்பார்த்திருக்க வேண்டிய கேள்வி. அனுப்பியிருப்பேன் என்றார், கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றார், கற்பனைக் கேள்விக்குப் பதில் இல்லை என்றார், மே 14 அன்றுதான் அனுப்பியிருக்க மாட்டேன் என்றார். வேறு எந்த வேட்பாளருக்கும் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். அவருக்கு அது சொந்த அண்ணனைப் பற்றிய தீர்ப்பு.

சின்னத்தில் "ஜெப்!" என்று மட்டும் போட்டார்கள், குடும்பப் பெயர் இல்லை. பணம் கேட்கும் அறையில் புஷ், பதாகையில் ஜெப். கடைசியில் அதையும் கைவிட்டு, 2016 பிப்ரவரி 15 அன்று தெற்கு கரோலைனாவின் நார்த் சார்ல்ஸ்டனில் அண்ணனையே மேடையேற்றினார். ஐந்து நாள் கழித்து வாக்கு 8 விழுக்காடுகூட இல்லை, நான்காவது இடம். அன்றிரவே விலகினார். மொத்தம் நான்கு டெலிகேட்டுகள் (மாநாட்டில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள்).

ஜூன் 9

நேற்றையதில் ஒரு தொழில்நுட்ப விவரம் விட்டுப்போனது. பிரைமரிக்கு முந்தைய 45 நாளும் பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாளும், வேட்பாளரின் சொந்தக் கமிட்டிக்குத் தொலைக்காட்சி நிலையங்கள் மிகக் குறைந்த கட்டணத்தில்தான் விளம்பர நேரம் தர வேண்டும். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை இல்லை, நிலையம் கேட்கும் விலை. தேர்தல் நெருங்க நெருங்க அந்த விலை பல மடங்காகும். ஆகவே பேக்கிடம் உள்ள 10 கோடி, கமிட்டியிடம் உள்ள 10 கோடிக்குச் சமமே இல்லை. அந்தப் பணத்திலும் ஒரு பெரும் பங்கு டிரம்பைத் தாக்கப் போகவில்லை, அதே புளோரிடாக்காரரான மார்கோ ரூபியோவைத் தாக்கப் போனது.

ஜூன் 11

"கென்னடி பெயரைவிடப் பெரிய பெயர் உண்டா, டெட் கென்னடி எப்படித் தோற்றார்?" என்று கேட்டவருக்கு.

1979 கோடையில் கட்சிக்காரர்களிடம் எடுத்த கணிப்புகளில், ஜான் கென்னடியின் தம்பியான அவர் பதவியிலிருந்த அதிபர் கார்ட்டரை இரண்டுக்கு ஒன்று என்று முந்தினார். அறிவிப்பதற்கு முன் எடுக்கும் கணிப்பு பெயரை மட்டும் அளக்கிறது. நவம்பர் 4 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ரோஜர் மட்டுடன் பேட்டி ஒளிபரப்பானது. ஏன் அதிபராக வேண்டும் என்ற கேள்விக்கு அவரால் கோர்வையாகப் பதில் சொல்ல முடியவில்லை. 1969 சாப்பாக்விடிக் விபத்தும் (அவர் ஓட்டிய கார் நீரில் விழுந்து உடன் வந்த பெண் இறந்தது) அதே நிகழ்ச்சியில் மீண்டும் எழுந்தது. அதே நாளில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது, நாடு அதிபரின் பின்னால் திரண்டது. ஜனவரி 21 அயோவாவில் கார்ட்டர் 59, கென்னடி 31.

பிற்பாடு நியூயார்க், கலிஃபோர்னியா எல்லாம் வென்றார். ஆனால் டெலிகேட் எண்ணிக்கையில் பிடிக்க முடியவில்லை. மிஞ்சியது ஒரே வழி: முதல் சுற்றில் டெலிகேட்டுகள் தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட வேட்பாளருக்கே வாக்களிக்க வேண்டும் என்ற விதியை மாநாட்டில் உடைப்பது. ஆகஸ்டில் அந்த வாக்கெடுப்பில் கார்ட்டர் பக்கம் சுமார் 1,936, கென்னடி பக்கம் சுமார் 1,390. அன்றிரவே விலகினார். மறுநாள் அவர் ஆற்றிய உரைக்கு அரங்கம் அழுதது, ஆனால் ஓட்டு போட வேண்டிய நேரம் முடிந்திருந்தது.

ஜூன் 12

ரூஸ்வெல்ட் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஃபிராங்க்ளின் மனைவி எலினார், தியோடரின் உடன்பிறந்த தம்பியின் மகள். 1905 மார்ச் 17 திருமணத்தில் அதிபர் தியோடர்தான் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தார். பிறகு ஃபிராங்க்ளின் ஏறிய படிகளைப் பாருங்கள்: நியூயார்க் சட்டசபை, கடற்படைத் துணைச் செயலர், நியூயார்க் ஆளுநர், அதிபர். தியோடர் ஏறிய அதே படிகள். இடையில் 1920-இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்று தோற்றார், 1921-இல் போலியோ.

ஆனால் உண்மையான வாரிசு அவர் இல்லை. தியோடரின் மூத்த மகன் தியோடர் ஜூனியர்தான் வாரிசு. அவரும் அதே கடற்படைத் துணைச் செயலர் பதவியில் இருந்தவர், தந்தையின் கட்சி, தந்தையின் முழுப் பெயர். 1924-இல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் அல் ஸ்மித்திடம் தோற்றதோடு அவருடைய தேர்தல் வாழ்க்கை முடிந்தது. மாற்றுக் கட்சியில் இருந்த தூரத்துப் பங்காளி நான்கு முறை வென்றார். ஆடம்ஸ் தந்தையின் கட்சியை விட்டதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பெயர் இருந்து, அந்தப் பெயரின் பழைய கட்சிச் சுமை இல்லாதவர்களுக்குத்தான் வழி கிடைத்திருக்கிறது. ஜூனியர் புஷ் கட்சி மாறவில்லை, ஆனால் குடும்பத்தின் பூர்வீகமான கனெக்டிகட்டின் வாசனையே இல்லாத டெக்சாஸ்காரராக, சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் ஆளாகத் தன்னை மாற்றிக்கொண்டார்.

ஜூன் 12, சற்றுப் பின்

சொந்த மாநிலத்தில் தந்தை பெயர் செல்லும் என்றும் நம்ப வேண்டாம். 2000-இல் அல் கோர் தன் டென்னசியில் தோற்றார், அவர் தந்தை மூன்று முறை செனட்டராக வென்ற மாநிலம். அந்த 11 எலக்டோரல் வாக்கு கிடைத்திருந்தால் புளோரிடாவே தேவைப்பட்டிருக்காது. மிட் ராம்னி 2012-இல் மிஷிகனில் தோற்றார், தந்தை ஜார்ஜ் ராம்னியை மூன்று முறை ஆளுநராக்கிய மாநிலம்.

ஜூன் 14

ஹிலாரியைப் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 22-ஆவது திருத்தம் இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்று தடுப்பது நபரை, குடும்பத்தை இல்லை. மனைவி நிற்கத் தடை எதுவும் இல்லை.

அவர் ரோடம் என்ற பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருந்தவர். 1980-இல் கணவர் ஆர்க்கன்சா ஆளுநர் தேர்தலில் தோற்றபோது அந்தப் பெயரும் ஒரு குறையாகப் பேசப்பட்டது, 1982 மறுபோட்டியில் கிளின்டன் ஆனார். அந்தக் கிளின்டன் பெயரே பில்லுக்கு மாற்றாந்தந்தை வழி வந்தது, அவர் பிறந்தபோது பிளைத்.

2008-இல் பெயர் இருந்தும் தோற்றது கணக்கில். ஜனநாயகக் கட்சியில் டெலிகேட்டுகள் விகிதாசாரப்படி பிரிகின்றன, பெரிய மாநிலத்தை வென்றாலும் லாபம் கொஞ்சம்தான். பிப்ரவரி 5 அன்று நியூ ஜெர்சியை வென்று ஹிலாரிக்குக் கிடைத்த கூடுதல் 11. அதே நாளில் ஐடஹோ என்ற சின்ன காகஸ் (வாக்குச்சாவடிக்குப் பதில் கட்சிக்காரர்கள் கூடி முடிவு செய்யும்) மாநிலத்தில் ஒபாமாவுக்குக் கிடைத்த கூடுதல் 12. ஹிலாரி பக்கம் காகஸ் மாநிலங்களில் ஆள் போடவில்லை. பெயர் தெரிந்தவர் ஆரம்பத்திலேயே முடித்துவிடலாம் என்று திட்டமிட்டால், முடியாதபோது கையில் மாற்றுத் திட்டம் இருக்காது.

2016-இல் ஒரு வாக்கும் விழும் முன்பே முந்நூறுக்கும் மேற்பட்ட சூப்பர் டெலிகேட்டுகள் (பிரைமரி வழியே வராத கட்சிப் பிரமுகர்கள்) அவர் பக்கம். கட்சி நிர்வாகிகள் முடிவு செய்யும் இடத்தில் பெயர் எவ்வளவு வலுவானது என்பதற்கு இதுவே அளவுகோல். 2018-இல் கட்சி விதியை மாற்றியது: முடிவு ஏற்கெனவே உறுதியாகாதவரை முதல் சுற்றில் அவர்களுக்கு வாக்கு இல்லை. இனி வரும் வாரிசுகளுக்கு அந்த மாடிப்படி கிடையாது.

ஜூன் 15

ராபர்ட் டாஃப்ட் விடுபட்டிருக்கிறார். அதிபர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்டின் மகன், ஒஹையோ செனட்டர், 1940, 1948, 1952 என்று மூன்று முறை முயன்றவர். 1952 சிகாகோ மாநாட்டில் கட்சி இயந்திரம் அவர் கையில். டெக்சாஸ், ஜார்ஜியா, லூசியானாவில் சர்ச்சைக்குரிய டெலிகேட்டுகள் அவர் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஐசனோவர் ஆட்கள் "நியாயமான ஆட்டம்" என்று ஒரு திருத்தம் கொண்டுவந்து 658-க்கு 548 என்று வென்றார்கள். முதல் சுற்றில் ஐசனோவர் 595, டாஃப்ட் 500, தேவை 604. மினசோட்டாவின் டெலிகேட்டுகள் ஐசனோவர் பக்கம் மாறினார்கள், முடிந்தது.

ஜூன் 17

"பதவியில் உட்கார்ந்தபின் குடும்பத்துக்குப் பதவி கொடுப்பதற்குத் தடை உண்டா?" உண்டு. 1961-இல் ஜான் கென்னடி தம்பி ராபர்ட்டை அட்டர்னி ஜெனரலாக்கினார். 1967-இல் உறவினரை நியமிக்கக் கூடாது என்ற சட்டம் வந்தது, மருமகன் மருமகளும் அதில் அடக்கம். ஆனால் வெள்ளை மாளிகை ஊழியர்களுக்கு அது பொருந்தாது என்று நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் 2017 ஜனவரி 20 அன்று கருத்துக் கொடுத்தது. ஜாரெட் குஷ்னர் உள்ளே வந்தது அப்படி. கட்சிப் பதவிக்கு அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது, 2024 மார்ச்சில் லாரா டிரம்ப் குடியரசுக் கட்சி தேசியக் குழுவின் இணைத் தலைவரானார்.

மாநில அளவில் இன்னும் வெளிப்படையாக நடந்திருக்கிறது. 1966-இல் அலபாமா ஆளுநர் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க முடியாது. ஜார்ஜ் வாலஸ் மனைவி லர்லீனை நிறுத்தினார், அவரும் வென்றார். அந்தத் தளத்தில் நின்று 1968 அதிபர் தேர்தலுக்கு மூன்றாம் கட்சியைக் கட்டினார். லர்லீன் அந்த மே மாதம் பதவியிலேயே புற்றுநோயால் இறந்தார். வாலஸுக்கு 46 எலக்டோரல் வாக்கு.

ஜூன் 20

வாலஸுக்காக எழுந்த அமெரிக்கன் இன்டிபென்டன்ட் கட்சி கலிஃபோர்னியாவில் இன்றும் பதிவில் இருக்கிறது. 2024-இல் அது நிறுத்திய வேட்பாளர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர். 1963-இல் கறுப்பின மாணவர்களைத் தடுக்க அலபாமா பல்கலைக்கழக வாசலில் நின்ற வாலஸுக்கு எதிராகத் தன் துணை அதிகாரியை அனுப்பிய அட்டர்னி ஜெனரலின் மகன். ஒரு பெயர் எவ்வளவு தூரம் இடம்பெயர முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று என்னிடம் இல்லை.

அவர் ஏன் அந்தக் கட்சிக்குப் போனார்? கையெழுத்துதான் காரணம். கட்சி இல்லாமல் நின்றால் மாநிலத்துக்கு மாநிலம் மனு. நியூயார்க்கில் ஆறு வாரத்தில் 45,000. டெக்சாஸில் 1,13,151, அதுவும் அந்த ஆண்டு பிரைமரியில் வாக்களிக்காதவர்களிடம் மட்டும். ஏற்கெனவே பதிவுள்ள சின்னக் கட்சி நிறுத்தினால் இந்தச் செலவு மிச்சம். நெவாடாவில் மனுவில் துணை அதிபர் பெயர் இல்லாததால் முதலில் வாங்கிய கையெழுத்தெல்லாம் வீண். மார்ச்சில் நிக்கோல் ஷனஹனைத் துணையாக அறிவித்ததற்கு இந்த விதிகள் ஒரு காரணம். இன்னொன்று, துணை அதிபர் வேட்பாளரான பிறகு ஷனஹன் தன் பணத்தை வரம்பின்றிப் போடலாம். ஆகஸ்டில் நியூயார்க் நீதிபதி, மனுவில் கொடுத்த முகவரி உண்மையான குடியிருப்பு இல்லை என்று தள்ளினார். விலகிய பிறகோ மிஷிகனிலும் விஸ்கான்சினிலும் பெயரை எடுக்க முடியவில்லை. விஸ்கான்சின் சட்டப்படி வேட்பாளர் இறந்தால்தான் பெயர் நீங்கும்.

2023 நவம்பரில் ஒரு மும்முனைக் கணிப்பில் 22 விழுக்காடு. வாக்குச்சீட்டில் கடைசியாக வந்தது ஏழரை லட்சம் வாக்குகள் சொச்சம், அரை விழுக்காடு. 1979 டெட் கென்னடி கணிப்போடு வைத்துப் பாருங்கள்.

ஜூன் 21

"பெயரை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுவதே கிடையாதா?" கீழ்நிலைப் பதவிகளில் உண்டு. பென்சில்வேனியாவில் பாப் கேசி பிரபலமான தணிக்கையாளர். 1976-இல் அதே பெயருள்ள வேறொருவர் அதிகம் செலவில்லாமல் மாநிலக் கருவூலர் ஆகிவிட்டார். வாக்காளருக்கு வேட்பாளரைப் பற்றி வேறு எதுவும் தெரியாதபோது பெயர் தனியாக வேலை செய்கிறது. அதிபர் தேர்தலில் ஓராண்டுக்கு மேல் பேட்டி, விவாதம், விளம்பரம். வாக்குச்சீட்டு கைக்கு வரும்போது பெயரைத் தவிர நிறையத் தெரிந்திருக்கும்.

ஜூன் 24

2028-க்கு ஏதாவது பிரபலக் குடும்பப் பெயர் வந்தால் எதைப் பார்ப்பது என்று கேட்டவருக்கு. கணிப்பை விடுங்கள். 5,000 டாலருக்கு மேல் வசூலித்தாலோ செலவழித்தாலோ 15 நாளில் வேட்பாளர் அறிவிப்பு, அடுத்த 10 நாளில் கமிட்டிப் பதிவு, பிறகு காலாண்டு அறிக்கைகள்: ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15, ஜனவரி 31. எல்லாம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதல் அறிக்கையில் 200 டாலருக்குக் கீழ் தந்தவர்களின் மொத்தம் தனி வரியாக இருக்கும், உச்ச வரம்பு தந்தவர்கள் பெயரோடு வரிசையாக இருப்பார்கள். 2015-இல் ஜெப்பின் முதல் அறிக்கையில் அந்தச் சிறு தொகை வரி மிகச் சொற்பம், ஏறக்குறைய எல்லாமே 2,700 டாலர் உச்ச வரம்புக்காரர்கள். உச்ச வரம்பைத் தந்துவிட்டவரிடம் அதே பிரைமரிக்கு மறுபடி கேட்க முடியாது. 25 டாலர் தந்தவரிடம் மாதாமாதம் கேட்கலாம். அந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், அயோவாவுக்கு ஆறு மாதம் முன்பே தெரிந்துவிடும்.